பத்துக்கு மூணு

தாமஸ் எடிசன் பிறந்த மாநிலம் எது என்று டேப்லெட்டில் கேள்வி வந்தது. கீழே நாலு விடை. நாலையும் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. நியூஜெர்சியை அமுக்கினேன். சிவப்பு விழுந்தது.

"ஒஹையோ தாத்தா, ஒஹையோ!" என்று பேரன் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான்.

என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. நாங்கள் உட்கார்ந்திருந்த நியூஜெர்சி ஊரின் பெயரே எடிசன். பல்பு எடிசன்தான். அவருடைய மென்லோ பார்க் ஆராய்ச்சிக்கூடம் இருந்த இடம் அந்த ஊருக்குள் வருவதால், 1954ல் ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் பெரிய பல்பு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை கூட்டிப்போய்க் காட்டினார். இவ்வளவும் பார்த்த மனுஷன் வேறு எதை அமுக்குவான்?

நானும் வீட்டுக்காரம்மாவும் 2024 அக்டோபர் கடைசியில் மகள் வீட்டுக்குப் போனோம். மார்ச் நடுவில் திரும்பினோம். டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. நடைப்பயிற்சி என்ற பேச்சே கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் ஏழு மணி வரை ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் பேசுவார்கள். பேரனுக்கு 11 வயது. வீட்டுப்பாடம் முடித்தால் முக்கால் மணி நேரம் டேப்லெட் அவன் கைக்கு வரும். அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

விளையாட்டு ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. அவன் கையில் ஒரு டேப்லெட், என் கையில் மகளுடைய பழையது. 'அமெரிக்க வரலாறும் கலாச்சாரமும்' என்ற தலைப்பைத் தொட்டால் இருவருக்கும் ஒரே பத்துக் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 20 செகண்ட். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. முதல் ராத்திரி அவன் பத்துக்கு எட்டு. நான் பத்துக்கு மூணு. அந்த மூணில் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியது.

வரலாறு என்றால் நான் கொஞ்சம் தாக்குப்பிடிப்பேன். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவன். பாஸ்டன் தேநீர் விருந்தெல்லாம் தெரியும். (பள்ளிக்கூடத்தில் இந்தப் பேரைக் கேட்டுவிட்டு, யாரோ யாருக்கோ டீயும் பலகாரமும் கொடுத்ததாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1773 டிசம்பரில் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டியதற்குப் பெயர் விருந்து!) அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 1867ல் 72 லட்சம் டாலருக்கு வாங்கியதும் தெரியும்.

கலாச்சாரம்தான் காலை வாரியது. அந்த விளையாட்டைப் பொறுத்தவரை கலாச்சாரம் என்றால் பாதி டி.வி., பாதி காலைச் சாப்பாட்டு டப்பா. பாலில் போட்டுச் சாப்பிடுகிற அந்த சீரியல் டப்பாக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொம்மை உண்டு. ட்ரிக்ஸுக்கு முயல், ஃப்ரூட் லூப்ஸுக்கு டூக்கன் பறவை, லக்கி சார்ம்ஸுக்குப் பச்சைத் தொப்பிக் குள்ளன், ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸுக்குப் புலி. இப்போது வரிசையாக எழுதுகிறேனே தவிர, புலிக் கேள்வி மூன்று வெவ்வேறு ராத்திரி வந்து மூன்று முறையும் தப்பாகவே அமுக்கினேன். மூணாவது தடவை பேரன் சிரிக்கக்கூட இல்லை. பரிதாபமாகப் பார்த்தான்.

பிப்ரவரி 2 அன்று பெருச்சாளி மாதிரி ஒரு பிராணியைப் பொந்திலிருந்து வெளியே எடுத்து, அது தன் நிழலைப் பார்த்ததா என்று கேட்டு, இன்னும் ஆறு வாரம் குளிர் இருக்குமா என்று தீர்மானிக்கிற ஊர் எது என்றும் ஒரு கேள்வி. பென்சில்வேனியாவில் பங்க்ஸடானி. ஊர்ப் பெயரை வாசிப்பதற்குள் 20 செகண்ட் போய்விட்டது. சிரிப்பு வந்தது. பல்லி விழும் பலன் பார்க்கிற நாட்டிலிருந்து போனவன் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

நிலைமை மாறியது ஒரு தபால் கேள்வியால்.

கிராமத்துப் போஸ்ட் மாஸ்டராக வேலை பார்த்த ஜனாதிபதி யார்? வாஷிங்டன், லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடி. நான் கோவில்பட்டி பக்கம் 39 வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டி, 2020ல் சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வுபெற்றவன். எனக்கே விடை தெரியாது. ஆனாலும் நாலு முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்காரவைத்தால் பொருந்துகிற முகம் லிங்கன்தான். அமுக்கினேன். பச்சை!

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். 1833ல் இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சின்ன ஊரில் லிங்கன் போஸ்ட் மாஸ்டர் ஆகிறார். மூன்று வருஷம். சம்பளம் பற்றாமல் நிலம் அளக்கிற வேலையும் பார்த்திருக்கிறார். வழியில் கொடுக்கவேண்டிய கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடப்பார் என்று சொல்கிறார்கள். நம்ம கிராமத்துக் கிளைத் தபாலாபீசில், காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து பையைப் பிரிக்கிற பி.பி.எம்., அதாவது கிளைப் போஸ்ட் மாஸ்டர், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஆப்ரகாம் லிங்கனை அவர்களில் ஒருவராக நினைத்துப் பார்த்ததும், ஸ்கூல் பாடத்தில் இருந்த அந்த நெட்டை உருவம் சட்டென்று நம்ம ஆபீஸ் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் குறுக்கு வழி புலப்பட்டது. அமெரிக்க வரலாற்றைப் போர் போராகப் படித்தால் எனக்கு மண்டையில் நிற்காது. தபால் வழியாகப் போனால் நிற்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளினை முதல் போஸ்ட் மாஸ்டர் ஜெனரலாகப் போட்டது 1775 ஜூலை 26. சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4. அதாவது நாடு பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே தபால் இலாகா பிறந்துவிட்டது. எங்கள் யூனியன் கூட்டத்தில் சொன்னால் கைதட்டு விழும். அரசாங்கத்தின் முதல் தபால்தலைகள் வந்தது 1847ல். அஞ்சு சென்டுக்கு ஃபிராங்க்ளின், பத்து சென்டுக்கு வாஷிங்டன். அதே 1847ல்தான் ஒஹையோவில் மிலன் என்ற ஊரில் எடிசனும் பிறந்திருக்கிறார். இனி ஜென்மத்துக்கும் மறக்குமா?

போனி எக்ஸ்பிரஸ் கேள்வியும் அப்படித்தான் பச்சையானது. 1860 ஏப்ரலில் மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ வரை, கிட்டத்தட்ட 2,000 மைல், குதிரை மாற்றி ஆள் மாற்றிப் பத்து நாளில் தபாலைச் சேர்த்தார்கள். எவ்வளவு காலம் நடந்தது? வெறும் 18 மாதம். 1861 அக்டோபரில் தந்திக் கம்பி முழுதாக வந்துசேர்ந்ததும் குதிரைகளுக்கு வேலை போயிற்று. படிக்கும்போது எனக்கு 2013 ஜூலை ஞாபகம் வந்தது. நம் நாட்டில் தந்தியை மூடிய மாதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரியில் தந்தி வந்தால் தெருவே அழ ஆரம்பித்துவிடுவதைப் பார்த்தவன் நான். குதிரையைத் தின்ற தந்தியைச் செல்போன் தின்றது.

மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்தேன். ஒரு நாள் ஆறு.

பேரனுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி பார்சல் கேள்வி. 1914ல் ஐடஹோ மாநிலம் கிரேஞ்ச்வில் ஊரிலிருந்து பார்சல் தபாலில் அனுப்பப்பட்டது எது? குதிரைச் சேணம், பியானோ, கரடிக்குட்டி, சிறுமி. அவன் கரடிக்குட்டியை அமுக்கினான். நான் சேணம். இருவருக்கும் சிவப்பு.

அமெரிக்காவில் பார்சல் தபால் தொடங்கியதே 1913 ஜனவரி 1ல்தான். அதுவரை நாலு பவுண்டுக்கு மேல் தபாலில் வாங்கமாட்டார்கள். எடை வரம்பை ஏற்றிக்கொண்டே போனதும், ஜனங்கள் எதையெல்லாம் அனுப்பலாம் என்று சோதித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கிரேஞ்ச்வில்லில் ஒரு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். லூயிஸ்டனில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப ரயில் டிக்கெட் அதிகம்; தபால் செலவு 53 சென்ட். பிள்ளையின் எடை 50 பவுண்டுக்குள். கோட்டில் தபால்தலையை ஒட்டி ரயிலின் தபால் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். தனியாக இல்லை, அந்தப் பெட்டியில் வேலை பார்த்தவர் பிள்ளைக்குச் சொந்தக்காரர், அவர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரயிலில் தபால் பிரிக்கிற நம்ம ஆர்.எம்.எஸ். ஆட்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேரனுக்குச் சொல்லி முடித்ததும் என் இலாகா மூளை வேலை செய்தது. நல்லவேளை அவர்கள் வி.பி.பி.யில் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் பாட்டி பணம் கட்டித்தான் பேத்தியை எடுத்திருக்க வேண்டும் என்றேன். வி.பி.பி. என்றால் என்ன என்று விளக்குவதற்குள் அந்த ஜோக் செத்துவிட்டது.

"என்னைக் கோவில்பட்டிக்குப் பார்சல்ல அனுப்ப முடியுமா தாத்தா?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "அனுப்பு ராசா. ஆச்சி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். திருப்பி மட்டும் அனுப்ப மாட்டேன்."

அந்த வாரம்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. பத்துக்கு எட்டு எடுக்கிற இந்தப் பையனுக்குக் கவரில் தபால்தலையை எந்த மூலையில் ஒட்டவேண்டும் என்று தெரியாது. அவன் வாழ்நாளில் ஒரு கடிதம் போட்டதில்லை. போஸ்ட் ஆபீசுக்குப் போய் வெளிநாட்டுத் தபால்தலை ஒரு சின்ன தாள் வாங்கி வந்தேன். அது வட்டமாக இருக்கும், அப்போது ஒன்று 1 டாலர் 65 சென்ட். கோவில்பட்டியில் இருக்கும் என் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி, 628501 என்று பின்கோடு போடவைத்தேன். பின்கோடு நமக்கு 1972ல் வந்தது, அவர்கள் ஜிப் கோடு 1963ல் வந்தது என்பதையும் அந்தச் சாக்கில் தலைக்குள் ஏற்றினேன்.

வாசலில் தெருவோரமாகக் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. பக்கவாட்டில் சிவப்பாக ஒரு சின்னக் கொடி. கடிதத்தை உள்ளே வைத்துவிட்டு அந்தக் கொடியைத் தூக்கி நிறுத்தினால், பட்டுவாடாவுக்கு வருகிறவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொடியை நிமிர்த்தும்போது 'கிரீச்' என்றது. பல வருஷமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். ஒன்றரை மணி சுமாருக்கு வெள்ளை வேன் வந்தது. வேனில் ஸ்டியரிங் வலது பக்கம்! நாடு முழுக்க இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள், தபால் வேனை மட்டும் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். இறங்காமலே கையை நீட்டிப் பெட்டியைத் திறக்கத்தான். அந்தத் தபால்காரம்மா பெட்டியைத் திறந்து, கடிதத்தை எடுத்து, விலாசத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கொடியைப் படுக்கவைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு கணப் பார்வை இருக்கிறதே, அது எந்த ஊர்த் தபால்காரருக்கும் ஒன்றுதான். இந்தக் கையெழுத்து தேறுமா என்று பார்க்கிற பார்வை.

அன்றிலிருந்து ஒன்றரை மணிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொள்வது என் வழக்கமாயிற்று.

பனியோ மழையோ வெயிலோ இருட்டோ தபால்காரரைத் தடுக்காது என்ற வாசகம் யாரைப் பற்றி முதலில் எழுதப்பட்டது என்று ஒரு ராத்திரி கேட்டது. என் துறையாயிற்றே! கெத்தாக 'அமெரிக்கத் தபால்காரர்கள்' என்று அமுக்கினேன். சிவப்பு. பழைய பாரசீகத் தூதர்களைப் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது அது. நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவில் இருக்கும் பெரிய தபாலாபீஸ் கட்டடத்தின் நெற்றியில் பொறித்திருக்கிறார்கள். அதிலிருந்து எல்லோரும் அதைத் தபால் இலாகாவின் கொள்கை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இலாகா அப்படி ஒன்றை அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டதே இல்லையாம். மாப்பிள்ளையை நச்சரித்து ஒரு சனிக்கிழமை ரயிலில் பென் ஸ்டேஷன் போய் இறங்கினோம். தெருவைத் தாண்டினால் அந்தக் கட்டடம். தூண் தூணாக, அகலமான படிகள். மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அந்த வரிகள். மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் கழுத்து வலிக்கிற வரை நின்று படித்தேன். மேலதிகாரிகள் அனுப்பிய எத்தனையோ சர்க்குலரைப் படித்திருக்கிறேன், ஒன்றுகூட இப்படி இல்லை.

கடலைக் கேள்வி டிசம்பர் மாதம் வந்தது. ஜனாதிபதி ஆவதற்கு முன் ஜிம்மி கார்ட்டர் பண்ணிய விவசாயம் எது? பேரன் யோசித்தான், நான் சோளமா பருத்தியா என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "கடலைங்க! கடலை!"

பச்சை.

எங்கள் மாமனார் கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். 1978 ஜனவரியில் கார்ட்டர் இந்தியாவுக்கு வந்தபோது நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் வந்ததை நானும் பார்த்திருப்பேன், ஞாபகத்தில் இல்லை. மாமனார் மட்டும் கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "அமெரிக்காவுல நம்ம யாவாரி ஜனாதிபதியா இருக்காரு தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம். நாற்பத்தாறு வருஷம் கழித்து அது பேரனுக்குப் பத்து மார்க் வாங்கிக் கொடுத்தது. டெல்லிக்குப் பக்கத்தில் அவர் போன கிராமத்துக்குக் கார்ட்டர்புரி என்றே பெயர் வைத்தார்கள். அவருடைய அம்மா லில்லியன், அறுபதுகளில், தன் வயதும் அறுபதுக்கு மேல் ஆன பிறகு, பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பில் சேர்ந்து பம்பாய் விக்ரோலிக்கு வந்து நர்ஸ் வேலை பார்த்திருக்கிறார். இதெல்லாம் நான் அந்த ராத்திரி படித்தவை.

டிசம்பர் 29 அன்று கார்ட்டர் இறந்துபோனார். நூறு வயது. ஜார்ஜியாவில் பிளெய்ன்ஸ் என்ற அவருடைய சொந்த ஊரில். வீட்டில் யாரோ தெரிந்தவர் போன மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரம்மா "நம்ம கடலைக்காரரு" என்றுதான் சொன்னாள். பேரனின் ஸ்கூல் வாசலில் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது.

ஜனவரி 9. மதியம் ஒன்றரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். வேன் வரவில்லை. இரண்டானது, இரண்டரையானது. வெளியே பனி இல்லை, மழை இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. மகள் அறையை விட்டு வெளியே வந்தபோது கேட்டேன். "இன்னிக்கு கார்ட்டர் ஃபியூனரல் அப்பா. நேஷனல் டே ஆஃப் மோர்னிங், தேசிய துக்க தினம். போஸ்ட் ஆபீஸ் லீவு" என்றாள். காலையில் வாஷிங்டன் கதீட்ரலில் நடந்ததை டி.வி.யில் போட்டுவிட்டாள். மூவாயிரம் மைல் குறுக்களவுள்ள நாட்டில் அன்றைக்கு வழக்கமான பட்டுவாடா கிடையாது. வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாயில் மிச்சம் இருந்த பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். இவள் வேண்டுமென்றே செய்தாளா, டி.வி. பார்க்கும்போது கொறிக்கக் கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். தொடர்ச்சியாக இல்லாமல் இரண்டு முறை பதவியில் இருந்த ஒரே ஜனாதிபதி யார் என்ற கேள்வி ஜனவரி கடைசியில் வந்தது. 22, 24 என்று இரண்டு எண் பெற்ற குரோவர் கிளீவ்லாண்ட், நியூஜெர்சியில் பிறந்தவர். அமுக்கினேன், பச்சை. பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா, அது பழைய ஆன்ஸர். இப்ப டிரம்ப்பும் அப்படித்தானே?" என்றான். 20ஆம் தேதிதானே 45ஆவது ஜனாதிபதியாக இருந்தவர் மறுபடி 47ஆவது ஆகியிருந்தார். கேள்வி எழுதியவர் இன்னும் திருத்தவில்லை. எனக்கு மார்க் உண்டா இல்லையா என்று பத்து நிமிஷம் சண்டை. மாப்பிள்ளை மீட்டிங்கிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவன் ஒன்பது, நான் ஏழு. என் உச்சம் அதுதான்.

ஏப்ரலில் கோவில்பட்டி வீட்டு வாசலில் நம்ம பீட் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தார். "சார், அமெரிக்கா லெட்டர்" என்றார். வட்டத் தபால்தலை, சரியாக வலது மேல் மூலையில். பின்கோடு பளிச்சென்று. உள்ளே கோடு போட்ட தாளில், கோணல் தமிழில் ஒரே ஒரு கேள்வி: புலி எந்த சீரியல் டப்பாவில் இருக்கும்? நாலு விடையும் கீழே வரிசையாக. அடியில் '20 செகண்ட்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

பழக்கதோஷம், கவரைத் திருப்பிப் பின்னால் விழுந்திருந்த நம்ம ஆபீஸ் முத்திரையையும் தாளில் அவன் எழுதியிருந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தேன். பத்தொன்பது நாள்.